தொட்டிக்குத் தீனி

“தொட்டிக்கும் வயிறு இருக்கு அண்ணி, அதுக்கும் பசிக்கும். நகருங்க. இல்லன்னா இந்தக் குடல் வாளிய உங்க தலையிலயே கவுத்துடுவேன்.”

என் நாத்தனார் சொன்னால் செய்வாள். அதற்கு முன்பு ஒரு தடவை கவிழ்த்தும் இருக்கிறாள். அதனால் நான் நகர்ந்தேன். வாய் மட்டும் நகரவில்லை.

“பீக்குழிக்கு விருந்து வைக்கிற ஒரே குடும்பம் நம்ம குடும்பம்தான்டி,” என்றேன்.

“உங்க மாமனார் ஆரம்பிச்சு வெச்சது. அவர்கிட்ட போய்க் கேளுங்க.”

மாமனார் செத்துப் பல காலம் ஆகியிருந்தது. அவரைக் கேட்க வேண்டுமென்றால் நானும் அங்கே போக வேண்டும். அதைத்தான் சொன்னாள். வாளியைக் கழிவறைக்குள் கொண்டுபோய், கோழிக் குடலும் ரத்தமும் கொழுப்பும் கலந்ததை ஊற்றி, மேலே தண்ணீர் அடித்தாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டி முடித்தவள் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

அவள் போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். செத்தவர்களைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டும் என்பார்கள். அதெல்லாம் நல்லவர்களுக்கு. இவள் நல்லவளும் இல்லை, கெட்டவளும் இல்லை. கை நீளம். திருடுகிற கை நீளம் இல்லை, அடிக்கிற கை நீளம்.

என் வீட்டுக்காரர் மூத்தவர். அடுத்தது இவள். கடைசி, சின்னவன். மாமனாருக்குக் கோழிக்கடை. வீட்டின் பின்பக்கத்தில் சந்துப் பக்கம் பார்த்த ஓர் அறைதான் கடை. மூத்த பிள்ளையாயிற்றே என்று என் வீட்டுக்காரர் கையில் கத்தியைக் கொடுத்திருக்கிறார் மாமனார். முதல் கோழியிலேயே அவர் மயங்கி விழுந்துவிட்டார். பாதி அறுத்த கோழி எழுந்து ஓடியது. இவர் எழவில்லை. அப்போது இவள் பாவாடை கட்டிய பிள்ளை. ஓடின கோழியைத் துரத்திப் பிடித்து, கீழே கிடந்த கத்தியை எடுத்து, மிச்சத்தையும் அறுத்தாள். அதன் பிறகு அந்தக் கத்தி அவள் கையை விட்டு இறங்கவே இல்லை. தெருவே அவளைக் கத்தியக்கா என்றுதான் கூப்பிட்டது. அவளைவிட வயதில் மூத்தவர்கள் கூட அக்கா என்றார்கள். பயம் வந்தால் வயது கணக்குக்கு வராது.

அவளைக் கட்டிக் கொடுத்தும் பார்த்தார்கள். முதல் மாதமே புருஷன் கன்னத்தில் அறைந்தான். இவள் கையில் அகப்பட்டது குக்கர் மூடி. அன்று சாயங்காலமே பெட்டியோடு வந்து இறங்கினாள்.

“என்னடி ஆச்சு உனக்கு?” என்று மாமியார் பதறினாள்.

“எனக்கு ஒண்ணும் ஆகல. அவனுக்குத்தான் முன்பல்லு ரெண்டு.”

மாமியார் படுத்த படுக்கையானதும் சின்னவனை வளர்த்தது இவள்தான். குளிப்பாட்டுவாள், சோறு ஊட்டுவாள், உதைப்பாள். அவள் மட்டும்தான் உதைக்கலாம், அதுதான் சட்டம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அவன் கை வீங்கும்படி அடித்துவிட்டார் என்று தெரிந்ததும், ரத்தம் தெறித்த துணியோடு வகுப்புக்குள் போனாள். பிள்ளைகள் எல்லாம் பார்க்க வாத்தியார் காதைப் பிடித்துத் திருகி, “என் தம்பிய அடிக்க நான் இருக்கேன், உனக்கு எதுக்கு வேலை?” என்று கேட்டாள். வாத்தியார் வேறு ஊருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார்.

இப்போது தொட்டிக்கு வருகிறேன். கதை முழுக்க அதற்குள்தான் கிடக்கிறது.

அந்த வீட்டைக் கட்டும்போது மாமனார் முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் நடுவில் இருந்த திறந்த முற்றத்தில் ஒரே செப்டிக் டேங்க் கட்டினார். முன்பக்கத்துக் கழிவறையும் பின்பக்கத்துக் கழிவறையும் கடைத் தரையின் சாக்கடையும் அதில்தான் விழும். கட்டி முடித்த கொத்தன், “புதுத் தொட்டி, இன்னும் வேலை செய்ய ஆரம்பிக்கல. ஏதாவது அழுகுனத உள்ள போட்டு ஆரம்பிச்சு வைங்க,” என்றானாம். அவன் ஏதோ ஒரு கூடை சாணியை நினைத்துச் சொல்லியிருப்பான். மாமனாரிடம் இருந்தது கோழி. செத்த கோழி ஒன்றைப் போட்டார். தொட்டி நன்றாக வேலை செய்தது. செத்த கோழி போடாத வீட்டுத் தொட்டிகளும் நன்றாகத்தான் வேலை செய்தன, அதை யாரும் பார்க்கவில்லை. கொத்தன் ஒரு தடவைக்குச் சொன்னதை இந்தக் குடும்பம் வாரா வாரம் என்று எடுத்துக்கொண்டது. அப்பா போட்டார், அவருக்குப் பிறகு மகள் போட்டாள். தீனி என்றே அதற்குப் பெயர். கடை கழுவும்போது போகிற இறகு தனி. அதை அவள் ஊறுகாய் மாதிரி நினைத்தாள் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் போன பிறகு பாகம் பிரித்தார்கள். முன்வீடும் முற்றமும் சின்னவனுக்கு. பின்வீடும் கடையும் அவளுக்கும் எனக்கும். முற்றம் கேட்டு வாங்கினவனுக்கு முற்றத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று நினைவில்லை. எங்களுக்கும்தான் நினைவில்லை. கீழே இருப்பதை யார் நினைக்கிறார்கள், அது மேலே வரும்வரை?

சின்னவன் வாடகைக் கார் ஓட்டி, பிறகு நாலு கார் வாங்கி, ஆளை வைத்து ஓட்டினான். பணம் வந்ததும் பெண்டாட்டிக்குப் படுக்கையறை வேண்டியிருந்தது. முற்றத்தில் அறை எழுப்பினான். தரையை ஒரு முழம் உயர்த்தி, தொட்டி மூடிக்கு மேலே மண் கொட்டி, வெள்ளைச் சலவைக்கல் பதித்தான். ஆள் உயரத்துக்குமேல் நின்ற காற்றுக்குழாய் ஜன்னலுக்கு நேராக நாறுகிறது என்று அறுத்து, வாயில் சிமெண்ட் அப்பினான். தொட்டிக்கு மூக்கையும் அடைத்தாயிற்று, வாயையும் அடைத்தாயிற்று.

அது எப்படி மூச்சுவிடும்? எங்கள் பக்கமாகத்தான் விட்டது.

முதலில் கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் களக் களக் என்று சத்தம். பிறகு குளியலறை ஓட்டையில் கறுப்பாக ஊறி நிற்கும். பிறகு ஒரு நாள் காலையில் நான் காலை வைத்தால் கணுக்கால் வரைக்கும் நின்றது. என்ன நின்றது என்று சொல்லத் தேவையில்லை. சின்னவன் வீட்டில் ஒன்றும் இல்லை. அவன் முற்றத்தோடு கழிவறைத் தரையையும் உயர்த்திவிட்டான் அல்லவா. பள்ளம் கண்ட இடத்துக்குத்தான் தண்ணீர் வரும், அதன் கூட்டாளியும் வரும்.

கத்தியக்கா தம்பி வாசலில் போய் நின்றாள். நானும் போனேன்.

“டேய், தொட்டி ரொம்பிடுச்சு. லாரி வரச் சொல்றேன், மூடியத் தொறக்கணும்.”

“எந்தத் தொட்டி?”

“உன் கட்டிலுக்குக் கீழ இருக்கிற தொட்டி.”

“என் கட்டிலுக்குக் கீழ பளிங்குக் கல்லு இருக்கு அக்கா. தொட்டி உங்க பக்கம் எங்கயாவது இருக்கும், தேடுங்க.”

உள்ளேயிருந்து அவன் பெண்டாட்டி குரல் வந்தது. “பெரியவங்க ரெண்டு பேரும் எதுக்குங்க அந்த நாத்தத்துல கிடக்கணும்? நல்ல விலை தர்றோம்னு எப்பவோ சொல்லியாச்சு. கையெழுத்துப் போட்டுட்டு ஒரு சின்ன வீடா பாத்துப் போனா உடம்புக்கும் நல்லது.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பின்வீட்டை இடித்து வாடகைக்கு அறைகள் கட்ட அவர்களுக்கு ரொம்ப நாளாக ஆசை. நாங்கள் மசியவில்லை. இப்போது பீயை விட்டே எங்களை விரட்டப் பார்க்கிறார்கள். வக்கீல் வேண்டாம், அடியாள் வேண்டாம். கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் போதும்.

கத்தியக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி வந்தாள். அவள் சும்மா வந்தால்தான் பயப்பட வேண்டும்.

அந்த நாட்களை எப்படிக் கழித்தோம் என்று கேட்காதீர்கள். கேட்டால் சொல்லிவிடுவேன். பேருந்து நிலையத்துக் கட்டணக் கழிப்பறைக்கு நடந்தோம். எனக்கு முழங்கால் வலி, அவளுக்கு மூச்சிரைப்பு. வழியில் நின்று நின்று போக வேண்டும், ஆனால் அந்த அவசரத்தில் நிற்கவும் முடியாது. வாசலில் காசு வாங்குகிறவன் எங்களைப் பார்த்ததும், “வாங்க, நம்ம ரெண்டு பாட்டிங்களும் வந்தாச்சு,” என்று சிரிப்பான். ஒரு நாள் கத்தியக்கா அவன் சட்டையைப் பிடித்து மேசைக்கு மேலே இழுத்து, “யாருக்குடா பாட்டி?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவன் எங்களிடம் காசு வாங்குவதில்லை.

கடைக்கு ஆள் வரத்து நின்றது. கோழி வாங்க வருகிறவர்கள் சந்து முனையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். அப்புறம் சுகாதார ஆய்வாளர் வந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே பேசினார். மாதம் முடிவதற்குள் சரிசெய்யாவிட்டால் கடைக்குப் பூட்டு. கடைக்குப் பூட்டு என்றால் எங்கள் வயிற்றுக்குப் பூட்டு. வயிற்றுக்குப் பூட்டு என்றால் சின்னவன் நீட்டுகிற இடத்தில் கையெழுத்து.

“போயிடலாமாடி?” என்று நான்தான் கேட்டேன். “கூடப் பிறந்தவனோட எதுக்கு மல்லுக்கு நிக்கணும்? ஒரு அறை, ஒரு கழிவறை. நமக்கு அது போதும்.”

கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் இந்த வீட்டுலதான் சாவேன் அண்ணி. அதுவும் என் கழிவறைக்கு என் காலால நடந்து போயிட்டு வந்துதான் சாவேன். உங்களுக்கு வேணும்னா நீங்க போங்க.”

“நான் எங்கடி போவேன், உன்ன விட்டுட்டு?”

“அப்ப வாய மூடிக்கிட்டு நாளைக்குக் கூட வாங்க.”

மறுநாள் வெயில் ஏறின பிறகு, பக்கத்துத் தெருக் கொத்தனிடம் இரவல் வாங்கின சம்மட்டியோடு வந்தாள். அதன் இரும்புத் தலை மட்டுமே என் குழந்தைப் பருவத்து எடை இருக்கும். கழிவு உறிஞ்சும் லாரியையும் கையோடு வரவழைத்து, தம்பி வாசலை அடைத்து நிறுத்தியிருந்தாள். குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற லாரிக்காரர் பொறுமைசாலி.

“மூடி எங்கம்மா இருக்கு?”

“உள்ள. தொறக்கணும். கொஞ்சம் சண்டை ஆகும்.”

“சண்டைய முடிச்சிட்டுக் கூப்புடுங்க. எனக்கு இன்னும் ரெண்டு வீடு பாக்கி இருக்கு.”

கத்தியக்கா கதவைத் தட்டவில்லை. உதைத்தாள். சின்னவன் வாயில் சிகரெட்டோடு வந்து நின்றான். அவன் ‘அக்கா’ என்று சொல்லத் தொடங்கினான், ‘அ’ தான் வந்தது. ஓங்கி ஓர் அறை. சிகரெட் பறந்து வாசலில் விழுந்தது. லாரிக்காரர் ஓடிவந்து அதை மிதித்தார்.

“ஆமா, அதுதான் மொத வேலை. உள்ள காத்து அடைச்சுக் கிடக்கும், நெருப்புப் பட்டா வீடே பறக்கும். யாரும் தீக்குச்சி உரசக் கூடாது.”

“நான் அதுக்காக அடிக்கல,” என்றாள் கத்தியக்கா.

படுக்கையறைக்குள் போனாள். கட்டிலை ஒரு கையால் இழுத்துச் சுவரோடு மோதினாள். சம்மட்டிக் காம்பைத் திருப்பிப் பிடித்து, பளிங்குத் தரையை அங்கங்கே தட்டிக்கொண்டு போனாள். டக், டக், டக். ஜன்னலுக்குப் பக்கத்தில் மட்டும் தொம் என்றது. பானை வயிற்றில் தட்டின மாதிரி.

“இதோ இருக்குடா உன் தொட்டி,” என்றாள். சம்மட்டியை ஓங்கினாள்.

சின்னவன் பெண்டாட்டி ஓடிவந்து சம்மட்டிக் காம்பைக் கட்டிப்பிடித்துத் தொங்கினாள். “பளிங்கு, பளிங்கு,” என்றுதான் கத்தினாள். கத்தியக்கா ஓர் உதறு உதறினாள். அவள் போய் மெத்தைமேல் விழுந்தாள். முதல் அடி விழுந்தது. வெள்ளைக் கல் நட்சத்திரமாக விரிந்தது. ஒரு சில்லு பறந்து என் நெற்றியைக் கிழித்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கும்போது சின்னவன் பின்னாலிருந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து, பீரோக் கண்ணாடியில் முகத்தை மோதினான்.

அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கண்ணாடி உடைந்த சத்தம் இல்லை. அவள் மூக்கு உடைந்த சத்தம்.

அவள் அழவில்லை, கத்தவில்லை. வாய்க்குள் வழிந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, “உன்ன நான் கைல தூக்கி வளத்தேன்டா,” என்றாள். சொல்லிக்கொண்டே முழங்கையால் அவன் விலாவில் குத்தினாள். அவன் விடவில்லை. மறுபடியும் மோதினான். அவள் சம்மட்டியை விட்டாள். அது அவன் கால்விரலில் விழுந்தது. அப்போதும் விடவில்லை. அவன் பெண்டாட்டி எழுந்து வந்து கத்தியக்கா கையைப் பிடித்துப் பின்னால் முறுக்கினாள். எனக்கு அப்போது பற்கள் எல்லாம் இருந்தன. நான் போய்ச் சின்னவன் மணிக்கட்டைக் கடித்தேன். எலும்பு தட்டும்வரை கடித்தேன். என் கையால் சோறு தின்று வளர்ந்த மணிக்கட்டு, உப்பாகத்தான் இருந்தது.

அவன் அலறிக்கொண்டு கையை உதறிப் பின்னால் நகர்ந்தான். நகர்ந்தவன் உடைந்த நட்சத்திரத்தின் நடுவில் காலை வைத்தான்.

மாமனார் போட்ட மூடி. எத்தனை வருஷமாகக் கீழேயிருந்து ஆவி தின்ற சிமெண்ட். மேலே மண், மேலே பளிங்கு, மேலே சம்மட்டி அடி, கடைசியில் சின்னவன். மளுக்கென்று உள்வாங்கியது. அவன் எங்கள் கண்முன்னே குட்டையானான். அப்புறம் தலையும் கைகளும் மட்டும் தெரிந்தன.

பிறகு நாற்றம் வந்தது. இது நாங்கள் ஒரு மாதம் குடியிருந்த நாற்றம் இல்லை. அழுகின முட்டையைக் கண்ணுக்குள் உடைத்த மாதிரி இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. அவன் வாயைத் திறந்து காற்றை இழுக்கப் பார்த்தான். இழுக்க இழுக்கக் கண்கள் மேலே சொருகின.

அவன் பெண்டாட்டி குழிக்குள் காலை விடப் போனாள். லாரிக்காரர் பாய்ந்து அவள் இடுப்பைப் பிடித்து வெளியே வீசினார்.

“யாரும் எறங்கக் கூடாது. ஒருத்தரக் காப்பாத்த ஒருத்தர் எறங்கித்தான் வரிசையா பொணம் விழுது. ஜன்னல உடைங்க, கதவெல்லாம் தொறங்க. மேல நின்னு இழுக்கணும். ஏதாவது நீளமா கொண்டாங்க.”

கத்தியக்கா அங்கே இல்லை. எங்கே போனாள் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் வந்துவிட்டாள். கையில் கடை ஷட்டரை இழுக்கிற இரும்புக் கொக்கி. ஆள் உயரக் கம்பி, நுனி வளைந்தது. குப்புறப் படுத்தாள். முகத்திலிருந்து ரத்தம் குழிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, கொக்கியை அவன் அக்குளுக்குள் விட்டு மாட்டினாள். துணியில் மாட்டவில்லை. சதையில் மாட்டியது. அவன் கத்தினான்.

“கத்து,” என்றாள். “கத்துனா உயிரோட இருக்கேன்னு அர்த்தம்.”

அவள் காலை நான் பிடித்தேன். கம்பியை அவளோடு சேர்ந்து லாரிக்காரர் பிடித்தார். சின்னவன் பெண்டாட்டி லாரிக்காரர் சட்டையைப் பிடித்தாள். இழுத்தோம். கொக்கி சதையைக் கிழித்துக்கொண்டே அவனை மேலே கொண்டுவந்தது. அக்குளிலிருந்து விலாவரை பிளந்துவிட்டது. வாசலில் போட்டபோது அவன் நிறமே தெரியவில்லை. இறகு ஒட்டிய ஏதோ ஒரு பெரிய பறவை மாதிரி கிடந்தான்.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே தம்பியின் சதையைக் கிழித்துத்தான் அக்காவின் சதை ஆடியது.

கத்தியக்கா கடை கழுவுகிற ரப்பர் குழாயை எடுத்துவந்து முழு வேகத்தில் அவன்மேல் தண்ணீர் அடித்தாள். கண் சொருகும்போதெல்லாம் ஓர் அறை. “தூங்காதடா நாயே. மூச்சு விடு.” அறை. “விடுடா.” அறை. அவன் வாந்தி எடுத்தான். பிறகு இருமினான். பிறகு, “அடிக்காதக்கா, வலிக்குது,” என்றான். அப்போதுதான் அவள் குழாயைக் கீழே போட்டாள். போட்டுவிட்டு ரத்தமும் சளியுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சின்னவனை அவனுடைய காரிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினோம். பெண்டாட்டியும் கூடப் போனாள். கத்தியக்கா போகவில்லை. மூக்கை ஒரு துணியால் கட்டிக்கொண்டு தொட்டிக்கு வந்தாள். வந்த வேலை முடியவில்லை அல்லவா.

லாரிக்காரர் நெடுநேரம் காற்றுப் போக விட்டு, தூரத்தில் நின்றபடியே குழாயை உள்ளே இறக்கிப் பம்பைப் போட்டார். உறிஞ்சவில்லை. ஒரு நீளக் கழியை விட்டுக் குத்திப் பார்த்தார். கழி லேசில் உள்ளே இறங்கவில்லை. மேலே, பாலில் கட்டுகிற மாதிரி, ஓர் ஆடை கட்டியிருந்தது. எந்தத் தொட்டியிலும் கட்டுகிறதுதான், ஆனால் இது மெத்தை மாதிரி கனம். கொக்கியால் ஒரு துண்டைக் கிழித்து வெளியே எடுத்துப் போட்டார். இறகு. அதற்கு நடுவில் கொழுப்பு. அதற்கு மேலே இறகு. பாய் பின்னினது போல அடுக்கு அடுக்காக. தண்ணீர் போகிற வழியையெல்லாம் அதுதான் மூடியிருந்தது.

“என்னம்மா இது, உள்ள கோழிப் பண்ணையே நடக்குது?”

நான் கத்தியக்காவைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள்.

“எத்தனையோ தொட்டி பாத்திருக்கேன்,” என்றார் லாரிக்காரர். “இத மாதிரி அடைச்சுப் பாத்ததில்ல. கொழுப்பும் இறகும் எங்கம்மா கரையும்? தொட்டிக்குள்ள போறதுக்குன்னு சில சாமான் இருக்கு. அத மட்டும் அனுப்புங்க, மூணு வருசத்துக்கு ஒரு தடவ என்னக் கூப்புடுங்க, போதும்.” பிறகு கழியை ஊன்றிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். “ஆனா ஒண்ணு. இந்த மெத்தை இல்லன்னா அவர் நேரா அடிக்குப் போயிருப்பாரு. மார்போட நின்னது இதுமேலதான். முங்கியிருந்தா எந்தக் கொக்கி போட்டும் எடுத்திருக்க முடியாது.”

கத்தியக்கா சுவரிலிருந்து திரும்பினாள். வீங்கின மூக்குக்கு மேலே கண் இரண்டும் மின்னின.

“கேட்டீங்களா அண்ணி? தீனி போட்டது வீண் போகல.”

அவளை அடிக்கலாம் என்று வந்தது. அடிக்க இடமில்லை, முகம் முழுக்க அடி.

சின்னவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். அக்குளிலிருந்து விலாவரை தையல், கையைத் தூக்க முடியாது. நாங்கள் பார்க்கப் போகவில்லை. அவன் வரவில்லை. ஒரு வாரம் கழித்துக் கொத்தனை அழைத்துக்கொண்டு அவனே பின்பக்கம் வந்தான்.

“மூடி போடணும் அக்கா. எப்படிப் போடறதுன்னு நீயே சொல்லு.”

“வளையம் வெச்சுப் போடு. கைய விட்டுத் தூக்குற மாதிரி. மேல கல்லும் வேணாம், கட்டிலும் வேணாம். காத்துக்குழாய நிமுத்தி, கூரைக்கு மேல ஏத்து.”

“அறைக்கு நடுவுல மூடியா இருக்குமே.”

“இருக்கட்டும். ராத்திரி எந்திரிக்கும்போது தடுக்கும். தடுக்கும்போதெல்லாம் என்ன நெனச்சுக்கோ.”

அவன் சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன். விலா வலித்து முகம் கோணியது. வீட்டை விற்கிற பேச்சை அதற்குப் பிறகு அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லாரி வரும், குழாய் அவன் கட்டிலைத் தாண்டிப் போகும், அவன் பெண்டாட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு மெத்தையைச் சுருட்டிக்கொண்டு வெளியே நிற்பாள். எங்கள் பக்கம் ஒரு சொட்டு ஏறினதில்லை. ஆய்வாளர் வந்து பார்த்துவிட்டு, கைக்குட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

கத்தியக்காவும் சொன்னபடியேதான் செத்தாள். காலையில் தன் காலால் நடந்து தன் கழிவறைக்குப் போனாள், வந்தாள், கை கழுவினாள், படுத்தாள். அவளைத் தூக்கும்போது சின்னவன் கிழிந்த பக்கத்துத் தோளைத்தான் கொடுத்தான். மற்றத் தோளுக்கு மாறச் சொன்னார்கள். மாறவில்லை. மூக்கு மட்டும் கடைசிவரை கோணலாகவே இருந்தது. அதை வைத்துத்தான் அவளுக்குப் பிடிக்காதவர்களை அவள் முகர்ந்து பார்ப்பாள் என்று தெருவில் சொல்வார்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். தொட்டி காலியான மறுநாள் அவள் கடை திறக்கவில்லை. மூக்கில் கட்டோடு வெளியே போனாள். எங்கே என்று கேட்டேன், செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். மத்தியானம் காகிதத்தில் சுற்றின ஏதோ ஒன்றோடு வந்து, கடைத் தரையில் சாக்கடை வாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எட்டிப் பார்த்தேன். சின்னக் கண் சல்லடை. கனமான எவர்சில்வர். சாக்கடை வாயில் பொருத்தி, ஓரத்தில் சிமெண்ட் பூசி, விரலால் வழித்துக்கொண்டிருந்தாள். குடல் வாளியும் பக்கத்தில் இருந்தது, குப்பை வண்டிக்குப் போடுகிற பையோடு.

“இது எதுக்குடி?”

“கண்ணு தெரியலயா? சல்லடை.”

“அப்ப தொட்டிக்குத் தீனி?”

அவள் திரும்பவில்லை. சிமெண்டை இன்னும் ஒரு தடவை வழித்தாள்.

“அதுக்கு வயசாயிடுச்சு. இனிமே பத்தியம்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு கோழிக்கூண்டு வாங்கப் போனாலும் கடைக்காரனை அழவைத்துப் பாதி விலைக்கு வாங்கி வருகிறவள் அவள். அதனால் விலை கேட்டேன்.

“இருநூத்தி நாப்பது.”

“எவ்வளவு சொன்னான்?”

“இருநூத்தி நாப்பது.”